தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. பக்கத்தில் படுக்கிறவருக்குத்தான் கேட்கும். தேயிலைத் தோட்டத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். பழைய லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா இடையில் இருக்கிற சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. மேலே இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். அந்த இடைவெளி வழியாக என் பல் சத்தம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் போயிருக்கிறது. ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டார்: "என்னா டீச்சரு, ராத்திரியில எலி மாதிரி என்னத்த கொறிக்கிறீங்க?"

என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவருடைய குறட்டையை நான் குறை சொல்வதற்குப் பதிலடி என்று எடுத்துக்கொண்டேன். பாட்டிக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லையே.

அம்மாவிடம் சொன்னேன். காலமெல்லாம் கொழுந்தெடுத்தவர், யோசிக்கவே இல்லை. "வயித்துல பூச்சி புள்ள. பாமசியில மாத்திரை வாங்கிப் போடு" என்றார். பல்லைக் கடித்தால் பூச்சி என்பது தமிழ் பேசும் எல்லாப் பக்கமும் இருக்கிற நம்பிக்கைதான். ஆனால் தோட்டத்தில் அது இவ்வளவு ஊன்றிப்போனதற்குக் காரணம் உண்டு. கொக்கிப்புழு இங்கே ஆளையே உருக்கிய நோய். வெறுங்காலோடு மலையில் நின்றவர்களுக்குப் பாதத்துத் தோல் வழியாகவே அது உள்ளே போகும். 1910களிலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை புரண்டு படுத்தாலும் பூச்சி, மண்ணைத் தின்றாலும் பூச்சி, பல்லைக் கடித்தாலும் பூச்சி என்று சொல்லிப் பழகியதில் ஆச்சரியமில்லை. பூச்சி மாத்திரை போடுவது நல்லதுதான். ஆனால் பூச்சியால்தான் பல்லைக் கடிக்கிறோம் என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. நானும் அம்மாவுக்காக ஒரு மாத்திரை போட்டேன். பல் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது.

அடுத்த காரணம் குளிர். ஜனவரி மாதத்தில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் இரண்டு கம்பளி வேண்டும். "குளிருக்குப் பல்லு அடிக்குது" என்று பலர் சொன்னார்கள். குளிரில் பல் கிடுகிடுப்பது வேறு. அது உடம்பு சூடு தேடி நடுங்குவது, கம்பளிக்குள் சுருண்டதும் நின்றுவிடும். நல்ல கதகதப்பில், ஆழ்ந்து தூங்குகிறது போலத் தெரியும்போதுதான் நான் கடித்தேன். ஆனால் ஒன்று, குளிரில் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு திரிகிறோம் அல்லவா, அப்போது கழுத்தும் தாடையும் சேர்ந்து இறுகுகின்றன. அந்த அளவுக்குக் குளிரிடமும் குற்றம் உண்டு.

எனக்கு அது நோயாகத் தெரியத் தொடங்கியது 2022இல். அந்த வருடத்தை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 13 மணி நேரம் வரை மின்வெட்டு, பெற்றோலுக்கு வரிசை, பஸ் வருமா வராதா என்று தெரியாமல் ரோட்டில் நிற்பது. காலையில் எழுந்தால் காதுக்கு முன்னால் தாடை கனத்தது. நெற்றிப்பொட்டு இரண்டிலும் வலி. மலையகத்து வீடுகளில் காலைச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிதான். கோதுமை மாவில் தடிப்பாகத் தட்டியது, கட்டச்சம்பலோடு. அந்த ரொட்டியை ஒரு வாய் மெல்லும்போதே தாடை களைத்துவிடும், தேத்தண்ணியில் நனைத்துத்தான் விழுங்குவேன். பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடும். தலையிடி என்றால் பனடோல், அதுதான் நம் நாட்டு வழக்கம். ஆசிரியர் அறை மேசை லாச்சியில் ஒரு அட்டை எப்போதும் இருந்தது.

அப்புறம் கடைவாய்ப்பல்லில் அடைத்திருந்த சீமெந்து ஒரு மூலையாகக் கழன்று வந்தது. அதுதான் என்னைப் பல் டொக்டரிடம் கொண்டுபோய் விட்டது.

முதலில் போனது டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு. பெயர் வேண்டாம். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒழுங்காகப் பொருந்தவில்லை, அதனால்தான் கடிக்கிறீர்கள், எல்லாப் பல்லையும் கொஞ்சம் கொஞ்சம் ராவிச் சரிசெய்து, நாலு பல்லுக்கு உறை போட்டால் நின்றுவிடும் என்றார்கள். சொன்ன தொகை என் சம்பளத்தில் அடங்காது. அடங்கியிருந்தால் செய்திருப்பேனோ என்னவோ. இதைப் படிப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது: பல் பொருத்தம் சரியில்லாததால்தான் தூக்கத்தில் கடிக்கிறோம் என்பது பழைய கருத்து. இன்றைக்கு ஆய்வுகள் அதை முதன்மைக் காரணமாக ஏற்பதில்லை. பல்லைக் கடிப்பதற்காக நல்ல பல்லை ராவக் கொடுக்காதீர்கள். எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், எலும்பைவிடக் கடினம். ஆனால் முறிந்த எலும்பு கூடும், போன எனாமல் திரும்ப வளராது.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் சிங்களப் பெண் டொக்டர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசினார். வாயைப் பார்க்கும் முன் தன் இரண்டு கையையும் என் கன்னத்தில், காது மடலுக்குச் சற்று முன்னால் வைத்து, "கடிங்க" என்றார். கடித்தேன். அவர் விரலுக்குக் கீழே ஏதோ கட்டியாகப் புடைத்ததை நானே உணர்ந்தேன். நீங்களும் வைத்துப் பாருங்கள். அதுதான் மெல்லும் தசை. உடம்பின் அளவுக்கு அது சின்னத் தசைதான், பலமோ அபாரம். அதை அவர் அழுத்தியபோது நான் நாற்காலியிலிருந்து எழும்பாத குறை. அப்புறம் கன்னத்தின் உள்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டினார்: பல்வரிசைக்கு நேராக வெள்ளையாக ஒரு கோடு. நாக்கின் ஓரத்தில் பல் அச்சு வரிசையாகப் பதிந்திருந்தது. கோரைப் பல்லின் கூர் போய்த் தட்டையாக இருந்தது. இதெல்லாம் பல்லைக் கடிப்பவர் வாயில் அடிக்கடி காணப்படும் அடையாளங்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்திருந்தால் யோசிக்க வேண்டும் என்றார்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், இப்ப மேல் பல்லு கீழ் பல்லு தொட்டு இருக்குதா?"

இருந்தது. சும்மா உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், மெல்ல ஒன்றுமில்லாத வாயில், பல்லும் பல்லும் இறுக்கமாக முட்டிக்கொண்டிருந்தது.

என் கதை திரும்பியது அங்கேதான். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வாய் மூடியிருக்கும்போது பல்வரிசைகள் தொடக்கூடாது. 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை இடைவெளி இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொடும், அவ்வளவுதான். ஒரு நாளில் பல்லும் பல்லும் தொடும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் 20 நிமிடத்தைத் தாண்டாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நானோ காலை முதல் மாலை வரை கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பகலில் கடிப்பதும் இரவில் கடிப்பதும் மருத்துவத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்று இருப்பவருக்கு மற்றது இருக்க வேண்டும் என்றில்லை. எனக்கு இரண்டும் இருந்தன. இரவுக் கடிக்கு நம் பேச்சு கேட்காது, பகல் கடி கேட்கும். வேலையை அங்கே தொடங்குவதுதான் புத்தி.

இரவில் நடப்பது என்னவென்றால், தூக்கம் இரவு முழுக்க ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. இடையிடையே சில வினாடிகளுக்கு மூளை விழிப்பின் பக்கம் வந்துவிட்டுத் திரும்பப் போகிறது. நமக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், அதைத் தொடர்ந்து தாடைத் தசை அசையத் தொடங்கும். சிலருக்கு அது மெல்லுவது போல அசைந்து நின்றுவிடும், சிலருக்கு நறநறவென்று பல் உரசும். பெரியவர்களில் நூற்றுக்கு 8 பேர் அளவில் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்கள் என்பார்கள். சின்னப் பிள்ளைகளில் அதைவிட அதிகம், வயது போகப் போகக் குறையும். ஆக, யார் மீதோ வன்மம் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்தான் பல்லைக் கடிப்பார் என்று சொல்வதெல்லாம் வெறும் பேச்சு. எங்கள் பக்கம் மாமியார்மார் மருமகளைப் பற்றி அப்படிச் சொல்வதுண்டு. மருமகளுக்கு வன்மம் இருக்கலாம், அது வேறு கதை.

சரி, பகல் கடியை நிறுத்துவது எப்படி? முதலில் எங்கெங்கே கடிக்கிறோம் என்று பிடிக்க வேண்டும். என் கணக்கு இப்படி இருந்தது: பரீட்சைத் தாள் திருத்தும்போது, அதிலும் கையெழுத்து விளங்காத தாளில். பஸ்ஸில் நின்றுகொண்டே வளைவுகளில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது. பீலியிலிருந்து குடத்தைத் தூக்கிப் படியேறும்போது. புலமைப்பரிசில் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது. ஊசியில் நூல் கோக்கும்போதுகூட. கோபம் வந்தால் கடிப்பேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் கவனம் குவிகிற எல்லா நேரத்திலும் கடித்திருக்கிறேன்.

டொக்டர் சொன்ன வழி எளிது. உதடு மூடியிருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் லேசாக ஒட்டியிருக்கட்டும். நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி, 'ன்' என்று சொல்லிப் பார்ப்பது. 'ந்' இல்லை, அதற்கு நாக்கு நுனி பல்லைத் தொட்டுவிடும். 'ன்' சொல்லும்போது நுனி முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், மேலே நிற்கும். அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நாக்கு அங்கே இருக்கும்போது பல்லை இறுக்குவது கொஞ்சம் கடினம். அதோடு மூச்சை நீளமாக வெளியே விட்டால் தோள் தானாக இறங்கும், தாடையும் கூடவே இறங்கும்.

இதைச் செய்வது கடினமில்லை. ஞாபகம் வைத்திருப்பதுதான் கடினம். பள்ளிக்கூட மணிதான் எனக்குக் கைகொடுத்தது. பாடத்துக்குப் பாடம் மணி அடிக்கிறது, அடிக்கும்போதெல்லாம் வாயைப் பார்ப்பேன். திருத்துகிற சிவப்புப் பேனாவின் மூடியில் வெள்ளை பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டிவைத்தேன். பஸ்ஸில் ஒவ்வொரு ஹோல்ட்டும் ஒரு மணி. வீட்டில் குழாயைத் திறக்கும்போது, போனைக் கையில் எடுக்கும்போது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கூடையில் கொழுந்தைப் போடும் ஒவ்வொரு கைக்கும் பார்க்கச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு நிறையை, அதாவது செடி வரிசையை, முடித்து அடுத்த நிறைக்குப் போகும்போது பார்க்கலாம்; கூடைக் கயிறு நெற்றியை இழுக்கும்போது கழுத்தும் தாடையும் இறுகத்தான் செய்யும். முதல் சில வாரங்களுக்கு எப்போது பார்த்தாலும் பல் முட்டிக்கொண்டே இருந்தது, மனம் சலித்துப்போனது. பிறகு மணி அடிக்கும்போது பல் ஏற்கெனவே பிரிந்திருப்பதைக் காணத் தொடங்கினேன். காலைத் தலையிடி அதற்குள்ளேயே நன்றாகக் குறைந்துவிட்டது. வலியில் பெரும்பங்கு இரவிலிருந்து வரவில்லை, பகலிலிருந்துதான் வந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

இரவில் பல்வரிசைமேல் மாட்டிக்கொண்டு படுக்கிற கவசம்தான் நைட் கார்ட். அதற்காக அரசாங்க ஆஸ்பத்திரியில் பேராதனைக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். நாட்டின் பழைய பல் மருத்துவ பீடமும் அதோடு சேர்ந்த பல் வைத்தியசாலையும் இருப்பது அங்கேதான். ஹட்டன் பக்கத்திலிருந்து போவதென்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று ஒரு முழுநாள் வேலை. விடியவே போய்விடுங்கள், துண்டையும் பழைய கிளினிக் கொப்பியையும் மறக்காதீர்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஒரே நாளில் முடியாது: முதலில் மாவு போன்ற ஒன்றை வாயில் வைத்து அச்சு எடுப்பார்கள், பிறகு வரச்சொல்லி மாட்டிப் பார்ப்பார்கள். கடிக்கச் சொல்லி வண்ணத் தாளை இடையில் வைத்து, கறை எங்கே அதிகமாகப் படிகிறதோ அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சரிசெய்வார்கள். இந்தச் சரிசெய்தல்தான் அதன் உயிர். அதனால்தான் கடையில் வாங்கி வெந்நீரில் போட்டு நாமே கடித்துப் பதிக்கிற மலிவு வகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மெத்தென்று இருக்கிற வகையைச் சிலர் இரவு முழுக்க இன்னும் கூடுதலாக மென்று தள்ளிவிடுகிறார்கள். கெட்டியான அக்ரிலிக்கில் செய்ததே மேல்.

இதைப் பற்றி ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நைட் கார்ட் கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். புதிதாகத் தந்தபோது என்னுடையது ஒரே மாதிரியாக மங்கலாக இருந்தது. சில மாதம் போன பிறகு டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன்: வலப்பக்கக் கோரைப் பல் உட்காரும் இடத்தில் சின்ன நகக்கீறல் அளவில் பளபளவென்று ஒரு தடம், முன்னும் பின்னும் ஓடியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் இன்னும் கடிக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்தத் தடம் என் பல்லில் விழவில்லை.

முதல் சில இரவுகளுக்கு எச்சில் ஊறித் தலையணை நனையும், பழகிவிடும். காலையில் பச்சைத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவினால் போதும். மலையில் எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான், கேத்தல் எப்போதும் அடுப்பிலேயே இருக்கும். என் வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு, கிருமி சாகட்டும் என்று கொதிதண்ணீரை ஊற்றிவிட்டார். அது வளைந்து, வாயில் ஏறவே மாட்டேன் என்றது. திரும்பவும் பேராதனை, திரும்பவும் அச்சு. இன்னொன்று, மூடி உள்ள பெட்டியில் வையுங்கள். நாய்க்கு எச்சில் மணம் பிடிக்கும், எலிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி தேத்தண்ணி. தேயிலைக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் கஃபீனுக்கும் பல் கடிக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது, தூக்கத்தை அது கலைப்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். இரவு ஏழு மணிக்குச் சாயம் ஏற்றிக் குடித்த பிளேன்டீயில் பாதி, நள்ளிரவிலும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் காலை எழுந்ததும், பத்து மணிக்கு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விளக்கு வைத்ததும், படுக்கப்போகும் முன் என்று குடிக்கிறவர்கள். நான் தேத்தண்ணியை விடவில்லை, நாலு மணிக்குப் பிறகு குடிப்பதை மட்டும் விட்டேன். அதற்குப் பதில் கொத்தமல்லி அவித்த தண்ணீர், அல்லது பெலிமல் என்கிற வில்வப்பூ, ரணவரா என்கிற ஆவாரம்பூ. இவற்றில் கஃபீன் இல்லை. பிரச்சினை வீட்டில் இல்லை, பிறர் வீட்டில்தான். பின்னேரம் ஒரு லயத்துக்குப் போய் தேத்தண்ணி வேண்டாம் என்றால் மனவருத்தமாகிவிடும். "கேஸ்ட்ரிக் அக்கா, கொத்தமல்லி இருந்தா குடுங்க" என்றால் யாரும் கோபிப்பதில்லை. கேஸ்ட்ரிக் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் எல்லாக் கதவும் திறக்கும்.

உண்மையிலேயே நெஞ்செரிவு இருக்கிறவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். படுத்ததும் புளிப்பு மேலே ஏறுகிறவர்களுக்கு இரவுக் கடி கூடுதலாக இருக்கலாம். அமிலம் பட்டால் எனாமல் மெதுமையாகிவிடும், அதன்மேல் கடித்தால் இரட்டை நஷ்டம். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துக்கொள்வதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் உதவும்.

குடி, சிகரெட் இரண்டும் பல் கடியைக் கூட்டும். தூக்கம் வரட்டும் என்று இரண்டு கிளாஸ் சாராயம் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், தூக்கம் வரும், நல்ல தூக்கமாக இராது. இப்போது பொடியன்மாரிடம் புழங்குகிற ஐஸ் என்ற போதைப்பொருளும் தாடையை இறுக்கிப் பல்லைத் தேய்த்துத் தள்ளும்.

வெற்றிலை பற்றி அம்மாவோடு இன்னும் வழக்கு முடியவில்லை. நாள் முழுக்க வெற்றிலையும் பாக்கும் மென்றுகொண்டிருந்தால் தாடைக்கு ஓய்வே இல்லை. பாக்கு கெட்டி, பல்லையும் தேய்க்கும், வாய்ப் புற்றுநோய்க்கும் அது காரணம். அம்மா சொல்வது: "நான் முழிச்சிருக்கும்போது மெல்லுறேன், நீ தூங்கும்போது மெல்லுற." இதற்கு என்ன பதில் சொல்வது? சூயிங்கமும் இதே கணக்குத்தான். பல்லைக் கடிக்காமல் இருக்கச் சூயிங்கம் மெல்லு என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். களைத்த தசைக்கு அது இன்னும் வேலை கொடுக்கும். வலி உள்ள நாட்களில் முறுக்கு, வறுத்த கடலை, தடித்த ரொட்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சி, இடியப்பம் என்று போய்விடுவேன். துவாயை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் தசை இளகும். கேத்தலில் எப்போதும் இருக்கிற வெந்நீர் இதற்குத்தான் சரி.

மருந்துகளால் வருவதும் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற ஃப்ளுவொக்செற்றின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் பல் கடியைத் தொடங்கிவைக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு தாடை வலி வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், அது பல்லைவிடப் பெரிய ஆபத்து. அதேபோல உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி, பகல் முழுக்கத் தூங்கி விழுகிறவர் பல்லையும் கடித்தால், முதலில் பார்க்க வேண்டியது மூச்சை, பிறகுதான் பல்லை. இதைப் படித்த பிறகுதான் என் வீட்டுக்காரரின் குறட்டையை இன்னும் கவனமாகக் கேட்கத் தொடங்கினேன். அவருடையது வெறும் சத்தம்தான்.

கொழும்பில் தாடைத் தசையில் பொட்டொக்ஸ் ஊசி போடுகிறார்கள். தசையைப் பலவீனப்படுத்துவதால் வலி குறையும். சில மாதங்களில் அதன் வேலை முடிந்துவிடும், திரும்பப் போட வேண்டும். காசும் அதிகம். மக்னீசியம் மாத்திரை பற்றிப் பலர் சொல்கிறார்கள், அது பல் கடியை நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

மன அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பல் கடிக்கும் மன அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லோன், பிள்ளையின் படிப்பு, கூரை ஒழுக்கு இதையெல்லாம் வைத்துக்கொண்டு யார் எப்படிக் குறைப்பது? சொல்கிறவர்கள் அந்த வழியையும் சேர்த்துச் சொல்வதில்லை. என்னால் முடிந்தது சின்ன விஷயங்கள்தான். படுக்கையில் உட்கார்ந்து தாள் திருத்துவதை விட்டேன். நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் படுப்பேன், தலைக்குள் சுமந்துகொண்டு போவதில்லை. ஒரே நேரத்துக்குப் படுக்க முயற்சி செய்கிறேன், கோயில் திருவிழா நாட்களில் லவுட்ஸ்பீக்கர் விடாது என்பதால் அந்த நாட்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் தாய்மார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றித்தான். பிள்ளை ராத்திரியில் நறநறவென்று கடிக்கிறது டீச்சர், பயமாக இருக்கிறது என்பார்கள். சத்தம் பயங்கரமாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாக நின்றுவிடும். தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் அவர்களுக்குச் சாதாரணமாக நைட் கார்ட் போடுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுகிறதா, குறட்டை விடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மூக்கு, தொண்டையை டொக்டரிடம் காட்ட வேண்டும். பல் வலி, பல் கூச்சம் இருந்தால் பாடசாலைப் பல் சிகிச்சையாளரிடம் காட்டலாம். திட்டவோ தட்டி எழுப்பவோ வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை இரவு பதினொரு மணி வரை மொடல் பேப்பர் செய்யவைத்துவிட்டு, ஏன் பல்லைக் கடிக்கிறது என்று என்னிடம் கேட்கிற தாய்மாருக்கு மட்டும் கொஞ்சம் காரமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. உங்கள் சொந்தக் கைவிரல் மூன்றை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு மூன்றும் போகும். இரண்டுகூடப் போகாமல் வாய் பூட்டிக்கொண்டாலோ, திறந்த வாய் மூட முடியாமல் நின்றாலோ உடனே போங்கள். ஒரு குறிப்பிட்ட பல்லில் கடிக்கும்போது, அல்லது கடித்ததை விடும்போது சுரீரென்று குத்தினால் பல்லில் வெடிப்பு இருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள். வெடிப்பு வேருக்கு இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லாமல் போகும். நைட் கார்ட் இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்டிக்கொள்ளுங்கள், தேய்ந்து ஓட்டை விழுந்ததைப் போட்டுக்கொண்டு படுப்பதில் பயனில்லை. புதிதாக ஒரு பல் அடைத்தாலும் உறை போட்டாலும் பழைய கார்ட் சரியாக உட்காராது. எதற்காகப் பல் கிளினிக்குக்குப் போனாலும் அதைப் பெட்டியோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று இன்னொரு நாள் லீவு எடுக்க வேண்டிவரும்.